எடுத்துப் போவதும் கூட்டிப் போவதும்

கண்டியில் கோப்பி மணத்த காலத்தைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். கண்டி என்றால் தேயிலைதானே என்று என்னையே திருத்துகிறார்கள். ஆகையால் இதை அவர்களுக்காக எழுதவில்லை. என் வயதுக்காரர்களான உங்களுக்காக எழுதுகிறேன். கார்த்திகை மார்கழியில் கட்டுகஸ்தோட்டை ரோட்டில் நடந்தால் மூக்கில் என்ன வாசம் ஏறும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அழுகிய பழத்தோலின் புளிப்பு, நனைந்த சாக்கு, மாட்டுச் சாணம், இவற்றுக்கெல்லாம் மேலே காய்ந்த கோப்பிக் கொட்டையின் வைக்கோல் வாசம். வறுத்த கோப்பியின் வாசத்தைத்தான் எல்லோரும் பெரிதாகப் பேசுகிறார்கள். நல்ல கொட்டையெல்லாம் கப்பலேறிப் போய்விட்டதால் நமக்கு அந்த வாசம் அவ்வளவாகத் தெரியாது. நாம் குடித்தது உடைந்த கொட்டையோடு சுக்கும் கருப்பட்டியும் போட்டுக் காய்ச்சிய தண்ணீர்.

என் அப்பா அந்த ரோட்டோரத்துக் கோப்பி ஸ்டோர் ஒன்றில் துபாஷி. மலைத் தோட்டங்களிலிருந்து மாட்டு வண்டிகளில் வரும் கோப்பியை அங்கே களத்தில் காயப்போடுவார்கள். பிறகு உமி நீக்கி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பொறுக்கி, மூட்டை கட்டி ரயிலுக்கு அனுப்புவார்கள். துரை இங்கிலீஷில் சொல்வதை அப்பா தமிழில் சொல்ல வேண்டும். பெண்களும் வண்டிக்காரர்களும் தமிழில் சொல்வதை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். துரை கோபத்தில் சொல்வதில் பாதியையும், வண்டிக்காரர்கள் கோபத்தில் சொல்வதில் முக்காலையும் அவர் விழுங்கிவிடுவார். அந்த ஸ்டோரில் ஒருநாளும் அடிதடி நடக்காததற்கு அதுதான் காரணம் என்று அம்மா சொல்வாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மத்தியானம் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை களத்தோரம் நிற்பேன். அங்கே நின்றுதான் 'டேக்' என்ற சொல்லைக் கேட்டேன். துரையின் வாயில் வெற்றிலைபோல அது எப்போதும் இருந்தது. மூட்டையைக் காட்டி டேக் என்பார், இரண்டு பேர் அதைத் தூக்கிப் போவார்கள். குதிரையைக் காட்டி டேக் என்பார், குதிரைக்காரன் அதைப் பிடித்துப் போவான். இருமுகிற பெண்ணைப் பார்த்து டேக் என்பார், அவள் குப்பியில் இருந்த மருந்தைக் குடிப்பாள். மழை விட்டதும் டேக் ஆஃப் என்று ஒரு கத்தல், கோப்பியை மூடிய தாளிப்பனை ஓலைகளை ஆட்கள் ஓடி ஓடி நீக்குவார்கள். தன் குழந்தையை நீட்டி டேக் என்பார், அதற்கு ஆயாவாக இருந்த என் அத்தை அதை வாங்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள்.

இத்தனையும் ஒரே சொல்லா என்று எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. அன்று சாயங்காலம் வீட்டில் கேட்டேன். அப்பா வாய் திறப்பதற்கு முன்னால் அம்மா முந்திக்கொண்டாள்.

"மூட்டைக்கும் பிள்ளைக்கும் ஒரே சொல்லா? நல்லாருக்கு! சாமான்னா எடுத்துட்டுப் போ. மூட்டைன்னா தூக்கிட்டுப் போ. மாடுன்னா ஓட்டிட்டுப் போ. மனுசன்னா கூட்டிட்டுப் போ. சம்பந்தி வீட்டாளுங்கன்னா அழைச்சிட்டுப் போ." ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினாள். "பாவம், சொல்லுக்கும் பஞ்சம் வந்துதான் இம்புட்டுத் தூரம் பொழைக்க வந்திருக்காங்க போல."

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. இங்கிலீஷை யாராவது குறைத்துச் சொன்னால் தன் சம்பளத்தைக் குறைத்ததுபோல அவருக்கு இருக்கும். "அப்படியில்லை. ஆள் இங்கிட்டு வந்தா பிரிங், அங்கிட்டுப் போனா டேக். சுமந்துக்கிட்டுப் போனா கேரி. முன்னால நடந்து வழிகாட்டிக் கூட்டிட்டுப் போனா லீட். போய் எடுத்துட்டு வர்றது ஃபெட்ச். எல்லாச் சொல்லும் அவங்ககிட்ட இருக்கு."

"அப்புறம் ஏன் துரை எல்லாத்துக்கும் டேக்கே சொல்றாரு?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "அவருக்கு அவசரம்" என்றார்.

பிறகு அந்தச் சொல்லின் சாமர்த்தியத்தை விளக்க ஆரம்பித்தார். அதன் பின்னால் ஒரு குட்டிச் சொல்லைக் கட்டிவிட்டால் போதுமாம், வேறு வேலை செய்யுமாம். ஆஃப் கட்டினால் தொப்பியைக் கழற்றுவது. இன் கட்டினால் உள்ளே சேர்த்துக்கொள்வது. ஆஃப்டர் கட்டினால் ஜாடை. "இந்தா இவ அவ அத்தையை டேக் ஆஃப்டர்" என்று என் தலையில் தட்டினார். ஜாடை சொல்வதற்கு யாரை எங்கே எடுத்துப் போக வேண்டும் என்று அம்மா கேட்டாள்.

வாசற்படியில் உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்த அத்தை அப்போதுதான் பேச்சில் கலந்தாள். "மதினி, நம்ம எடு மட்டும் என்ன கொறச்சலா? தண்ணி எடுக்கிறோம், பேன் எடுக்கிறோம், வாந்தி எடுக்கிறோம், பிச்சை எடுக்கிறோம். பாம்பு படம் எடுக்குது. பசி அதுபாட்டுக்கு எடுக்குது. அதுக்கு மேல, பொண்ணு எடுக்கிறோம்."

அம்மா மடக்கிய விரல்களை விட்டுவிட்டாள். "அது வேற எடுக்கிறது" என்றாள்.

"எப்படி வேற?"

அம்மாவுக்கு அடுப்பில் ஏதோ தீய்கிற ஞாபகம் வந்து உள்ளே போய்விட்டாள்.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. ஒரு தடவை கல்யாணமாகித் தோட்டத்துக்குப் போனவள். ஆறேழு மாதத்திலேயே அந்த மாமா காய்ச்சலில் போய்விட, அப்பா போய்க் கூட்டிவந்துவிட்டார். பிறகு துரையின் பங்களாவில் குழந்தைக்கு ஆயாவாகச் சேர்ந்தாள். பங்களா வாவிக்கு மேலே மேட்டில் இருந்தது. விடிந்ததும் போவாள், பொழுது சாய வருவாள். நல்ல உயரம். முன்பல் ஒன்று சற்று மேலே ஏறியிருக்கும், அவள் சிரிக்கும்போது முதலில் தெரிவது அதுதான். எங்கள் வீட்டில் பட்டப்பகலில் சத்தமாகச் சிரிக்கத் துணிந்த பெண்பிள்ளை அவள் ஒருத்திதான். எனக்கு அவள்மேல் உயிர்.

அந்த வருஷம் கோப்பி முடியும் தறுவாயில் அத்தையின் போக்கு கொஞ்சம் மாறியது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவளுக்கு ஓய்வு. பக்கத்து வீட்டு வண்டிக்கார நானா அந்த நேரத்தில் வெறும் வண்டியை மகாவலிக்கு ஓட்டிப்போவார், மாடுகளைக் குளிப்பாட்ட. அத்தை அதில் ஏறி நடுவில் நின்றுகொள்வாள். ஒரு பக்கமும் பிடிக்காமல், ஒன்பது வயதுக் கழுதையான என்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு.

"என்ன புள்ள இது, ஏறி நிக்கிறீங்க? உழுந்தா உங்கட நானாவுக்கு நான் என்னத்தச் செல்ற?" என்று வண்டிக்கார நானா பதறுவார். அவர் பாஷையில் அண்ணன் என்றால் நானா.

"விழ மாட்டேன் நானா. நல்லாக் குலுக்கி ஓட்டுங்க. அந்தப் பள்ளத்துல எறக்குங்க!"

பள்ளத்தில் இறங்கியதும் இரண்டு பேரும் வைக்கோல் மேல் விழுந்தோம். அத்தை எழுந்து மறுபடி நின்றாள். எதற்கு இந்த விளையாட்டு என்று கேட்டேன். "கப்பல் இப்படித்தான் ஆடுமாம். கையில பிள்ளை இருக்கிறப்ப கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிக்க முடியுமா?" என்றாள். கப்பல் விளையாட்டு என்று நான் வைத்துக்கொண்டேன். ஆறு வரும் வரை நான் குழந்தையாக நடித்து அழுதேன், அவள் ஆட்டிக்கொண்டே நின்றாள். கடைசி ஞாயிறுகளில் அவள் விழவே இல்லை.

அது மட்டுமல்ல. துரைசாணி கழித்துப் போட்ட சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கொல்லைப்புறத்தில் வாத்துபோல நடந்து பழகினாள். மிளகாய் போடாமல் அவித்த உருளைக்கிழங்கைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். அம்மா இதையெல்லாம் பார்க்காமல் இல்லை. வயிறு சரியில்லை என்று இஞ்சிக் கசாயம் வைத்துக் கொடுத்தாள். அது கேட்காமல் போகவே, "உங்க தங்கச்சி மனசு ஒரு நிலையில இல்லைங்க, மறுபடி ஒரு இடம் பார்க்கணும்" என்று அப்பாவின் காதில் போட்டாள். அப்பாவும் தலையாட்டினார். பெரியவர்களின் கணிப்பு அந்தக் காலத்தில் அப்படித்தான் இருந்தது. கோப்பி இலைகளில் மஞ்சள் பொட்டு விழ ஆரம்பித்தபோதும், ஒரு நல்ல மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

ஒரு மத்தியானம் அப்பா சோற்றில் கை வைத்தபோது துரை களத்தைத் தாண்டி வந்தார். அவர் சொன்னதில் இரண்டு விஷயம் எனக்கே விளங்கியது. ஒன்று, குடும்பத்தோடு சீமைக்குப் போகிறார்கள். இரண்டாவது, "வி டேக் த ஆயா."

அப்பாவின் கை அப்படியே நின்றது. முடியாது என்பதற்கு அவருக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல் இருந்தது, துரையிடம் சொல்ல வாய்தான் இல்லை. அவர் எழுந்து, சோற்றுக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். துரையின் முகம் மலர்ந்தது. அப்பாவின் இடது கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். அப்பா மீதிச் சோற்றைத் தொடவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் விஷயம் வெளியே வந்தது. தங்கைக்குக் கல்யாணம் பேசி முடிந்துவிட்டது என்று துரையிடம் சொல்லிவிட்டாராம். துரை நம்பிவிட்டாராம். சந்தோஷப்பட்டு, நிச்சயத்தைத் துரைசாணி பார்க்க ஆசைப்படுவாள், எப்போது என்று கேட்டாராம். அப்பா, வருகிற வெள்ளிக்கிழமை என்றாராம்.

அம்மா கேட்டாள், "மாப்பிள்ளை யாருங்க?"

"அதத்தான் இனிமே பார்க்கணும்" என்றார் அப்பா.

இன்று இதைச் சொல்லிச் சிரிக்கிறேன், அன்று யாரும் சிரிக்கவில்லை. ஒரு துபாஷிக்குக் கைமுதல் என்ன? அவன் சொல்வது உள்ளபடியே சொல்வதுதான் என்கிற நம்பிக்கை. விழுங்குவது வேறு, இல்லாததைச் சொல்வது வேறு. பொய் சொன்னான் என்று ஒரு தடவை வந்துவிட்டால் பிறகு அவன் வாயால் வரும் எந்தச் சொல்லும் செல்லாது. ஆகவே சொன்ன பொய்யை வெள்ளிக்கிழமைக்குள் மெய்யாக்கிவிட வேண்டும். என் அப்பாவின் மூளை அப்படித்தான் வேலை செய்தது. அம்மாவின் மூளையும் அதோடு ஒத்துப்போனது.

இருட்டுவதற்குள் அத்தை வந்தாள். அப்பா எல்லாவற்றையும் சொன்னார். அத்தை நின்றபடியே கேட்டாள். "என்னையக் கேட்டாங்களா அண்ணே?"

"உன்னைய என்னத்தக் கேக்கிறது? நான்தான் முடியாதுன்னு முடிச்சிட்டேனே."

"இல்லண்ணே, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"நீ ஒண்ணுக்கும் பயப்படாத தாயி. கடலுக்கு அந்தப் பக்கம் உன்னைய நான் விட்டுருவேனா?" அவ்வளவுதான், அப்பா குலுங்கி அழ ஆரம்பித்தார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அத்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய்ப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. கப்பலுக்குப் பயந்து அழுகிறாள் என்று அம்மா சொன்னாள். அப்பாவின் அன்புதான் அன்று அவள் வாயைக் கட்டியது என்பது எனக்கு எத்தனையோ வருஷம் கழித்துத்தான் விளங்கியது.

மாப்பிள்ளை கிடைத்துவிட்டார். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் கருவாடும் செத்தல் மிளகாயும் விற்கிற கடைக்காரர். பெண்சாதியை இழந்தவர், நல்ல மனுஷர், அதிகம் பேசாதவர். அவருக்கும் சேர்த்து அவருடைய அக்காள் பேசிவிடுவார். அந்த அம்மாள் தம்பிக்கு வருஷக்கணக்காகப் பெண் தேடிச் செருப்புத் தேய்ந்தவர். வெள்ளிக்கிழமையே நிச்சயம் என்றதும், ஏன் இந்த அவசரம் என்றுகூடக் கேட்கவில்லை.

நம்மவர்களின் நிச்சயம் உங்களுக்குத் தெரியாததா? இரண்டு பக்கமும் தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம். பெண் வந்து கும்பிட்டுவிட்டு நிற்க வேண்டும். பெண் வீட்டார் "குடுத்தோம்" என்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் "எடுத்துக்கிட்டோம்" என்பார்கள், தட்டு மாறும். தட்டு மாறிவிட்டால் மாறியதுதான். அதற்குப் பிறகு பின்வாங்கினால் இரண்டு ஊரும் காறித் துப்பும்.

வெள்ளிக்கிழமை வந்தது. அக்கம்பக்கத்தில் இரண்டு கதிரை இரவல் வாங்கித் துரைக்கும் துரைசாணிக்கும் போட்டோம். மற்றவர்களுக்குப் பாய். கடைக்காரர் புது வேட்டியில், யாரோ தன்னை அங்கே வைத்துவிட்டுப் போனதுபோல உட்கார்ந்திருந்தார். எவ்வளவு குளித்தும் அவரிடமிருந்து லேசாகக் கருவாடு மணத்தது. துரைசாணி மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு, தோட்டத்தில் படித்த தமிழில் என் அம்மாவிடம், "ரொம்ப நல்ல வீடு. புகை கொஞ்சம் வருது" என்றாள்.

அத்தை மஞ்சள் சேலையில் வெளியே வந்தாள். அவளைக் கண்டதும் குழந்தை அலறிக்கொண்டு துரைசாணியின் மடியிலிருந்து பாய்ந்தது. அத்தை ஒரே எட்டில் போய் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். உடனே அழுகை நின்றது.

"பிள்ளைய அங்கிட்டுக் குடுத்துட்டு வந்து கும்பிடும்மா" என்றார் கடைக்காரரின் அக்காள்.

அத்தை குழந்தையைக் கொடுக்கவில்லை, அசையவும் இல்லை. நேரம் போகிறது என்று யாரோ சொல்ல, அப்பா தட்டை இரண்டு கையாலும் ஏந்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "குடுத்தோம்" என்றார். எதிரே அந்த அம்மாள் வாயைத் திறந்தார்.

"இருங்க" என்றாள் அத்தை.

அவள் சத்தம் போடவில்லை. குழந்தையைத் தட்டிக்கொண்டே, அப்பாவைப் பார்த்து மட்டும் பேசினாள். "அண்ணே, சின்னப் பிள்ளையா இருந்தப்ப மன்னாருக் காட்டு வழியா என்னையத் தோள்ல தூக்கிட்டு வந்தீங்க. சாகுற வரைக்கும் அத நான் மறக்க மாட்டேன். அப்புறம் கட்டிக் குடுத்தீங்க. அந்த மனுசன் போனதும் வந்து கூட்டிட்டு வந்தீங்க. இப்ப மறுபடியும் குடுக்கிறீங்க, இவங்க எடுக்கப் போறாங்க. துரை என்னன்னா டேக்குங்கிறாரு. நீ வர்றியா, நீ போறியான்னு ஒருத்தராச்சும் என்னையக் கேட்டீங்களா?"

அத்தை குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"துரைசாணி கேட்டுச்சு. துரை உங்ககிட்டச் சொல்றதுக்கு எத்தனையோ நாள் முன்னாடியே, நீ வருவியான்னு கேட்டுச்சு. யோசிச்சுச் சொல்லுன்னுச்சு. நான் யோசிச்சேன் அண்ணே. நல்லா யோசிச்சுத்தான் வர்றேன்னு சொன்னேன்."

துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பாவைப் பார்த்து, அவள் என்ன சொல்கிறாள் என்று இங்கிலீஷில் கேட்டார். வாழ்நாளில் முதல் தடவையாக அப்பாவை இரண்டு பாஷையும் கைவிட்டுவிட்டன. அப்போது அத்தை துரையின் பக்கம் திரும்பி, தானே சொன்னாள்.

"நோ டேக், சார். ஐ கம்."

அத்தைக்கு இங்கிலீஷ் வரும் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. தினமும் பொழுது விடிந்து சாயும் வரை அந்தக் குழந்தையோடும் அதன் தாயோடும் இருப்பவளுக்கு அது ஒட்டாமல் எங்கே போகும் என்று நாங்கள் நினைத்தும் பார்க்கவில்லை. துரைசாணி கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள், சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை.

எல்லோரும் கடைக்காரரைப் பார்த்தார்கள். அவர் அன்று பேசிய முதல் பேச்சு இதுதான்: "அக்கா, நம்ம தட்ட நாமளே வச்சுக்குவோம்." பிறகு அத்தையைப் பார்த்து, "கப்பல்ல தலை சுத்துனா எலுமிச்சங்காயக் கீறி மோந்து பாருங்க. தோணியில வர்றப்ப எனக்கு அதான் கேட்டுச்சு" என்றார். நல்ல மனுஷர் என்று முன்னமே சொன்னேன் இல்லையா?

அவருடைய அக்காள் மட்டும் மூக்கைச் சிந்தினார். "கடல் தாண்டிப் பொம்பளைய அனுப்புறதா? அடுக்குமா இது?"

பதில் அம்மாவிடமிருந்து வந்தது. அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. "நாம மட்டும் எப்படி வந்தோமாம்? பறந்தா? வந்தவ போறா, விடுங்க. பலகாரம் ஆறுது, சாப்பிடுங்க."

அத்தை அப்பாவை ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் துபாஷியாக வைத்துக்கொண்டாள். திரும்பி வருகிற கப்பலுக்கும் சீட்டு எடுத்துக் கொடுப்பது தங்கள் பொறுப்பு என்று துரை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும், அதை இங்கிலீஷில் கேளுங்கள் என்றாள். அப்பா கேட்டார். அதில் ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. துரை எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்துச் சரி என்றார். துரைசாணியும் "சரி, சத்தியம்" என்று தமிழில் சொன்னாள். கல்யாணம் என்ன ஆயிற்று என்று துரை கேட்டபோது அப்பாவுக்குப் பொய் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. கல்யாணம் பேசியது நிஜம், பெண் வேண்டாம் என்றதும் நிஜம். அதை அப்படியே சொன்னார். துரை விழுந்து விழுந்து சிரித்து, பணியாரம் இன்னொன்று கேட்டார்.

எல்லோரும் போன பிறகு அப்பா வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தார். அத்தை போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பயமா இல்லையா புள்ள?"

"இருக்குண்ணே. போகாம இருந்தாலும் இருக்கும்."

அப்பா வெகுநேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு நடந்ததை உங்களில் சிலர் அறிவீர்கள். அந்தத் துரை திரும்பி வரவில்லை. மஞ்சள் பொட்டு எந்த மழைக்கும் கழுவிப் போகவில்லை. கோப்பி செத்தது, ஸ்டோர் பூட்டியது, அப்பா அரசாங்கக் கச்சேரியில் வேலை தேடிக்கொண்டார். அத்தை திரும்பி வந்தாள், வாக்குக் கொடுத்தபடியே அவளுக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்தார்கள். கண்டியில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வேறொரு துரைசாணியின் பிள்ளைகளோடு மறுபடி போனாள். போவதும் வருவதுமாகவே அவள் காலம் கழிந்தது. சீமை எப்படி என்று கேட்டால், "நுவரெலியா மாதிரித்தான், ஆனா முழு ஊருமே சப்பாத்துப் போட்டிருக்கு" என்பாள். என்னைக் கட்டிக் கொடுத்தபோது அவள் ஊரில் இல்லை. குறையொன்றும் இல்லாத இடத்தில்தான் கொடுத்தார்கள். அவர் வந்து கூட்டிப் போனார், நானும் போனேன், நன்றாகத்தான் வாழ்ந்தேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அவள் முதல் தடவை புறப்பட்ட காலையைப் பற்றி. கண்டி ஸ்டேஷனில் பனி இன்னும் விலகவில்லை. அத்தையின் தகரப் பெட்டியைக் கூலியாள் தொட அப்பா விடவில்லை, தானே தோளில் வைத்துக் கொண்டுவந்து ஏற்றினார். கடைக்காரர் ஒரு கூடை எலுமிச்சங்காயோடு வந்து, தூரத்திலேயே நின்று என்னிடம் கொடுத்தனுப்பினார். அம்மா அத்தையின் சேலை முந்தானையைச் சும்மா சும்மா இழுத்துச் சரிசெய்தாள். அத்தை வண்டியில் ஏறி, கதவைச் சாத்தாமல், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். ஊதல் ஊதியது. என் முகம் போன போக்கைப் பார்த்திருப்பாள். குனிந்து கையை நீட்டி, சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏடி குட்டி, நீயும் வர்றியா?"

வேடிக்கைக்குத்தான் கேட்டாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் அது தெரியும். கதவு திறந்திருந்தது, அவள் கை எனக்கு எட்டும் தூரத்தில் இருந்தது, வர்றேன் அத்தை என்று வேடிக்கையாகவே நானும் சொல்லியிருக்கலாம். நான் திரும்பி அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் ரயில் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி நான் திரும்பியபோது வண்டி நகர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு இந்த நாள் வரை என்னை அப்படி ஒருவரும் கேட்டதில்லை.